தாழிடாத பேட்டரியும் நேராத விபத்தும்

வானகரத்தில் பூந்தமல்லி நெடுஞ்சாலையை ஒட்டிய திருமண மண்டபங்களில் படமெடுக்க எழுப்பப்படும் டிரோன், அதாவது நான்கு சுழலிகளால் பறக்கும் ஆளில்லா வானூர்தி, கூட்டத்தின் அருகிலேயே இயங்குவதால், அதன் பேட்டரி உரிய இடத்தில் தாழிடப்பட்டுள்ளதா என்று பறக்குமுன் பார்ப்பது தொழில் ஒழுங்கோடு முடிந்துவிடாத ஒரு கேள்வியை எழுப்புகிறது: பார்க்காமல் பறக்கவிட்டு, தீங்கேதும் நேராமல் இறக்கியவரிடம் குற்றம் உண்டா?

எந்திரம் நின்ற ஹெலிகாப்டர் தன் இறக்கைகள் காற்றில் சுழல்வதைக் கொண்டு ஓரளவு மெல்ல இறங்கக்கூடும். நான்கு சுழலி டிரோனுக்கு அந்த வழி இல்லையாதலால், மின்சாரம் அறுந்த கணமே அது கல்லாகிவிடுகிறது. காற்றின் தடையைக் கணக்கில் கொள்ளாவிட்டால் 60 மீட்டர் உயரத்திலிருந்து தரையை அடைய அதற்கு ஏறத்தாழ மூன்றரை நொடி போதும். 2016 நவம்பரில் அமெரிக்க நிறுவனமான கோப்ரோ சுமார் 2,500 டிரோன்களைத் திரும்பப் பெற்றது, பறக்கும்போதே சில மின்சாரம் இழந்து விழுந்ததால்தான். பேட்டரியைப் பிடித்துவைக்கும் தாழே காரணம் என்று பின்னர் தெரியவந்தது. அந்த டிரோனுக்கு அந்நிறுவனம் வைத்திருந்த பெயர் 'கர்மா'.

இதில் ஏமாற்றுவது டிரோனின் விளக்குதான். உப்பிய பேட்டரியோ முழுதும் அழுத்தப்படாத பேட்டரியோ மின்முனையைத் தொட்டாலே விளக்கு எரியும், சுழலியும் சுற்றும். அதிர்வு கூடும்போதுதான் தொடர்பு விடும். இந்த வழுவை மணிமேகலையின் 29ஆம் காதை நன்கு அறியும். பௌத்தத் துறவி அறவண அடிகள் அங்கே விளக்கும் ஏதுப்போலிகளுள், அதாவது காரணம்போல் தோன்றிக் காரணமாகாதவற்றுள், ஒன்று அநைகாந்திகம்: நாட்டவேண்டிய முடிவு உள்ள இடத்திலும் இல்லாத இடத்திலும் ஒருங்கே காணப்படுவதால் எதையும் நாட்டாத ஏது. தாழ் விழுந்தபோதும் விழாதபோதும் எரியும் விளக்கு இவ்வகையைச் சேர்ந்தது. பேட்டரியை விரலால் இழுத்துப் பார்ப்பதோ அப்படியன்று. வானகரத்தைக் கடக்கும் இதே சாலை மேற்கே போய்ச் சேரும் காஞ்சியில்தான் அந்தப் பாடம் நிகழ்வதாகக் காப்பியம் அமைத்திருக்கிறது.

குற்றம் பற்றிய கேள்விக்கு ஆங்கிலக் கணித அறிஞர் கிளிஃபர்டு 1877இல் கடுமையான விடை தந்தார். பழுதடைந்த கப்பலைச் சோதிக்காமல், ஐயத்தை மனத்துக்குள் அடக்கிக்கொண்டு, பயணிகளோடு அனுப்பும் உரிமையாளரைக் காட்டி, கப்பல் பத்திரமாகக் கரை சேர்ந்திருந்தாலும் அவர் குற்றம் இம்மியும் குறையாது என்றார். சமண அறிஞர் உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம் அவருக்குப் பல நூற்றாண்டு முன்பே இன்னும் நுட்பமாக நின்றது. அது கொலையை விளைவால் மட்டும் வரையறுக்காமல், பிரமாதம் எனப்படும் விழிப்பற்ற செயலால் உயிருக்கு நேரும் ஊறு என்று வரையறுத்தது. பார்த்து நடப்பவரின் காலடியில் எறும்பு சிக்கினாலும் அவருக்குப் பழியில்லை, பாராது நடப்பவருக்கு எறும்பு தப்பினாலும் பழியுண்டு என்று உரையாளர்கள் விரித்தனர். பொருளை எடுக்கையிலும் வைக்கையிலும் நோக்கிச் செய்யும் ஒழுக்கத்தைச் சமணத் துறவியருக்குரிய ஐந்து சமிதிகளுள், அதாவது விழிப்போடு நடக்கும் நெறிகளுள், ஒன்றாகவே அம்மரபு வைத்தது. கிளிஃபர்டு அழுத்திச் சொல்லாத மறுபாதி, அதாவது சோதித்தும் வீழ்ந்தவரின் நிலை, இங்கே தெளிவாகிறது.

இப்படி ஒவ்வொரு முறையும் சோதிப்பது இறைவன்மேல் நம்பிக்கையின்மை ஆகாதா என்று எழக்கூடிய ஐயத்துக்கு நீண்ட விடை தேவையில்லை. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஆயுத பூசைக்கு எந்திரங்களைத் துடைத்து, எண்ணெயிட்டு, அதன்பின்பே பொட்டிடுகிறார்கள்.

சட்டமோ விளைவுக்கும் விழிப்பின்மைக்கும் நடுவில் நிற்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவு, கவனக்குறைவால் உயிர் போனால் ஐந்தாண்டு வரை சிறை விதிக்கிறது. யாருக்கும் காயமில்லாமல் ஆபத்து மட்டும் விளைந்தால் 125ஆம் பிரிவின்படி மூன்று மாதம் வரைதான். கீழே யார் நின்றார் என்பதைப் பொறுத்துத் தண்டனை மாறுவது ஆட்சிக்கு வேண்டியதாகலாம். ஆனால் பேட்டரியைத் தொட்டுப் பாராதவரின் குற்றம், டிரோன் தரையை விட்டு எழுவதற்கு முன்பே முழுமையாகிவிட்டது.