மூலைமட்டத்தைப் புரட்டிப் பார்த்தோமா?

பொய் சொல்லாமலேயே ஒருவன் பொய்ச்சாட்சி ஆக முடியுமா? முடியும் என்பதைக் காதர்பேட்டையில் நமது வீட்டுப் பின்கட்டிலுள்ள பழைய மில்லிங் மெஷின் நமக்குக் கற்பித்தது.

திருப்பூரில் 1925-இல் குலாம் காதர் சாகிபு பனியன் தொழிலுக்கு வித்திட்டார் என்பர். அத்தொழிலில், பின்னல் இயந்திரத்தின் ஊசிகளை ஏற்றி இறக்குவது கேம் எனும் சிறு எஃகுத் துண்டு. அதன் விளிம்பு சாய்ந்திருந்தால் ஊசி தேய்ந்து முறியும். துணியில் நெடுக்கே கோடு விழும். நாம் செய்து கொடுத்த கேமை மாட்டியபின் அவ்வாறே கோடு விழுந்தது. உரிமையாளர் வினவியபோது, "கேமில் குற்றமில்லை, மூலைமட்டம் வைத்துப் பார்த்தோம்" என்றோம். பழி இயந்திரம் ஓட்டிய தொழிலாளியைச் சேர்ந்தது. அவர் கூலியும் பிடிக்கப்பட்டது.

பின்னர் முதிய ஃபிட்டர் ஒருவர் அம்மட்டத்தைப் பலகையின் நேர்விளிம்பில் வைத்துக் கோடு கீறினார். புரட்டி வைத்து, அதே புள்ளியிலிருந்து மறுகோடு கீறினார். ஒன்றாக வேண்டிய கோடுகள் பிரிந்தன. பிரிவில் பாதி, மட்டத்தின் பிழை! மெஷினின் தலையை நிறுத்தியதும் அம்மட்டமே. கேமைச் சோதித்ததும் அம்மட்டமே. பிழை தன்னைத் தானே சரியென்றது. சுழல்தண்டில் டயல் கேஜைப் பொருத்தி, கையால் சுழற்றி, மேசையின் இருபுறமும் முள் ஒரே அளவைக் காட்டும்வரை தலையைத் திருத்தினோம்.

மெஷின் நேரானது. நாம்?

கி.பி. 857-இல் பக்தாதில் மறைந்த ஹாரிஸ் அல் முஹாஸிபீ (ரஹ்) அவர்கள், தம் நஃப்ஸிடம் இடையறாது கணக்குக் கேட்டமையால் அப்பெயர் பெற்றார்கள் என்பர். முஹாஸபா என்பது பிறரை அளக்குமுன் அளவுகோலையே புரட்டிப் பார்ப்பதன்றோ?

'அறியாமல் சொன்னோம்; நிய்யத்து தூயது' என்று மனம் வாதாடியது. தூய நிய்யத்து நம்மைப் பொய்யன் என்ற பெயரிலிருந்து காக்கலாம். தொழிலாளி இழந்த கூலியை அது மீட்டுத் தராது. அல்லாஹ்விடம் தவ்பா செய்யலாம். அடியானின் ஹக்கை அடியானிடமே தீர்க்க வேண்டும். ஆதலால் உரிமையாளரிடம் சென்று நமது பிழையை உரைத்தோம். பிடித்த கூலியை நாமே தொழிலாளியின் கையில் கொடுத்து, மன்னிப்பும் கேட்டோம்.

அந்த மூலைமட்டத்தை நாம் எறிந்துவிடவில்லை. பட்டறைச் சுவரில் தொங்குகிறது. யாரையேனும் குறைகூற நா எழும்போது, முதலில் அதைப் பார்க்கிறோம்.