ஸ்கோரைச் சத்தமாகச் சொல்லுங்கள்

மயிலாப்பூரில் கற்றுக்கொள்வதற்கென்று ஒரு வயது உண்டு. விஜயதசமியன்று பாட்டு, வீணை, பரதம் என்று ஏதாவது ஒரு வகுப்பில் குழந்தையைச் சேர்த்துவிடுவார்கள். பத்து வருடம் கழித்து அது மேடை ஏறியிருக்கும், இல்லையென்றால் பத்தாம் வகுப்புப் பரீட்சையோடு நின்றிருக்கும். அதற்குப் பிறகு வாழ்நாள் முழுக்க நாம் ரசிகர்கள். மார்கழிக் கச்சேரியில் உட்கார்ந்து, மற்றவர்கள் பாடுவதைப் பற்றி அபிப்ராயம் சொல்வோம். நடுவயதில் புதிதாக ஒன்றைத் தொடங்கி, நாலு பேர் பார்க்கத் தப்பும் தவறுமாகச் செய்ய யாரும் நமக்குத் தடை போடவில்லை. நாம்தான் அந்த உரிமையைத் தொடாமல் விட்டுவிடுகிறோம்.

ஐம்பதைத் தாண்டியபின் நான் அதை எடுத்துக்கொண்ட இடம், தி.நகரில் ஒரு மொட்டை மாடி பிக்கிள்பால் கோர்ட்.

இந்த விளையாட்டு கையில் கிடைத்ததை வைத்துப் பிறந்தது. 1965ல் அமெரிக்காவின் சியாட்டில் நகரத்துக்கு அருகே பெயின்பிரிட்ஜ் தீவில், பொழுதுபோகாமல் தவித்த வீட்டாருக்காக ஜோயல் பிரிட்சர்டும் பில் பெல்லும் ஒரு பழைய ஷட்டில் கோர்ட்டில் டேபிள் டென்னிஸ் மட்டையையும் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பந்தையும் வைத்து ஆடிப் பார்த்தார்கள். விதிகளை வகுக்க நண்பர் பார்னி மெக்கலமும் சேர்ந்துகொண்டார். கோர்ட் இன்றைக்கும் ஷட்டில் இரட்டையர் கோர்ட்டின் அளவுதான்: 44 அடிக்கு 20 அடி. இந்தியாவுக்கு இதைக் கொண்டுவந்தவர் மும்பையின் சுனில் வாலாவல்கர். 2025 ஜனவரியில் மும்பையில் தொடங்கிய உலக பிக்கிள்பால் லீகில் நடிகை சமந்தாவின் சென்னை அணியும் ஆடியது. ஆனாலும் நம் ஊரில் நடுவயதுக்காரர் எவரும் பள்ளிக்கூட நாளில் இதை ஆடியதில்லை. கோர்ட்டில் மூப்பு பேச ஆளில்லை.

விதிகளும் புதியவருக்கு இடம் கொடுக்கின்றன. சர்வீஸைப் பொதுவாகக் கீழிருந்து மேலாகத்தான் போட வேண்டும். அது எதிர்ப்பக்கம் தரையில் பட்டு எழும்பிய பிறகே அவர்கள் திருப்பியடிக்கலாம். அவர்கள் அடித்ததையும் நாம் ஒருமுறை எழும்ப விட்டுத்தான் அடிக்க வேண்டும். வலைக்கு இருபுறமும் ஏழடிக்குக் ‘கிச்சன்’. அதற்குள் நின்றுகொண்டு, தரையில் படாத பந்தை அடிக்கக் கூடாது. பலசாலி வலையோரம் வந்து ஓங்கி அறைந்து ஆட்டத்தை முடித்துவிட முடியாது.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது வேறொரு விதி. சர்வீஸ் போடுமுன் ஸ்கோரை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இரட்டையர் ஆட்டத்தில் மூன்று எண்கள்: நம் புள்ளி, எதிரணியின் புள்ளி, ஜோடியில் நாம் எத்தனையாவதாக சர்வீஸ் போடுகிறோம் என்பது. பதினொன்றை நோக்கிப் போகும் ஆட்டத்தில் ஒரு நாள் என் முறை வந்தபோது, “டூ, நைன், ஒன்” என்று சொல்ல வேண்டியிருந்தது. குரல் உள்ளே போய்விட்டது. என் ஜோடி அடையாறிலிருந்து வரும் இளம்பெண். “ஆன்ட்டி, சத்தமாச் சொல்லுங்க. அவங்களுக்குக் கேக்கணும்” என்றாள்.

வீட்டில் நாங்கள் கேட்டு வளர்ந்தது நேர்மாறு: “பொம்பளப் பிள்ள, மெதுவாப் பேசு.” அது பெண்களுக்கு. எண்களைப் பொறுத்தவரை ஆண், பெண் எல்லோருக்கும் ஒரே பழக்கம்தான். பிள்ளையின் மார்க் நன்றாக இருந்தால் தெருவுக்கே தெரியும், குறைந்தால் வீட்டுக்குள்ளேயே அடங்கிவிடும். சம்பளம், சர்க்கரை அளவு, கடன் எல்லாமே அப்படித்தான். கோர்ட்டில் ஒன்பது எடுத்தவரும் இரண்டு எடுத்தவரும் ஒரே குரலில் சொல்ல வேண்டும். நாலு பேருக்கும் நிலவரம் தெரிந்தால்தான் அடுத்த பந்து. நம் பக்கம் விழுந்த பந்து கோட்டுக்கு வெளியே போனதா என்பதையும் நாமேதான் சொல்ல வேண்டும். சந்தேகமென்றால் தீர்ப்பு எதிரணிக்குச் சாதகமாக.

தோற்றுக்கொண்டிருக்கும் எண்ணைத் தெளிவாகச் சொல்லிவிட்டால், அதை மறைக்கச் செலவாகும் கவனமும் பந்துக்கே வந்துவிடுகிறது. இந்தப் பழக்கம் மாடியோடு நிற்கவில்லை. இப்போது டாக்டர் எதையாவது வேகமாக விளக்கினால், தலையாட்டிவிட்டு வெளியே வருவதில்லை. “புரியலை டாக்டர், இன்னொரு தடவை சொல்லுங்க” என்கிறேன். அவரும் சொல்கிறார்.

நான் நல்ல ஆட்டக்காரியாக ஆவேனா என்பது எனக்கு முக்கியமில்லை. நன்றாக வருவதை மட்டுமே செய்வது என்று ஐம்பதில் முடிவு கட்டிவிட்டால், மிச்ச ஆயுளெல்லாம் தெரிந்ததையே திருப்பித் திருப்பிச் செய்துகொண்டிருப்போம். தெரியாத ஒன்றை, தெரியாது என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே செய்யும் இடம் வாரத்தில் ஒரு மணி நேரமாவது ஒவ்வொருவருக்கும் வேண்டும். அது பிக்கிள்பாலாக இருக்கலாம், வீணையாக இருக்கலாம், நீச்சலாக இருக்கலாம். கற்றுக்கொள்ள வரும் பெரியவர்களை இந்த ஊர் கேலி செய்யாது. வரத் தயங்குபவர்கள் நாம்தான்.