தடையொன்றும் நேராவிட்டால்

சுவிட்சர்லாந்தையும் இத்தாலியையும் இணைக்கும் கிரேட் செயின்ட் பெர்னார்ட் கணவாயில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,470 மீட்டர் உயரத்தில், பொயெனினுஸ் என்னும் மலைத்தெய்வத்தை யூப்பிட்டரோடு ஒன்றாக்கி ரோமானியர் வழிபட்ட கோயில் ஒன்று இருந்தது. அங்கே கிடைத்த வெண்கலத் தகடுகளில், படைவீரர் முதலிய வழிப்போக்கர்கள் தாம் நேர்ந்துகொண்டபடியே காணிக்கை செலுத்தியதைப் பொறித்திருக்கிறார்கள். போவதற்கும் மீள்வதற்குமாகச் செலுத்தியது என்ற குறிப்பும் சிலவற்றில் உண்டு. நேர்த்திக்கடனின் பேச்சு ‘ஆல்’ ஈற்றில் நிற்பது: நலமாகக் கடந்துவிட்டால் தருவேன் என்பதே அதன் வடிவம். மலையைக் கடக்கத் திட்டமிடும் மனிதர் அந்தச் சிறு ஈற்றை எங்கே வைக்கிறார், யாரிடம் சொல்கிறார் என்பது அன்றுமுதல் இன்றுவரை ஒரு சமயக் கேள்வியாகவே இருந்துவருகிறது.

அந்தக் கணவாய்க்கு அருகிலேயே, மோன் பிளாங் மலைத்தொகுதியைச் சுற்றிப் பிரான்சு, இத்தாலி, சுவிட்சர்லாந்து என மூன்று நாடுகளின் வழியே ஏறத்தாழ 170 கிலோமீட்டர் செல்லும் நடைவழி இருக்கிறது. அதைப் பத்துப் பதினொரு நாட்களில் நடந்து முடிக்க எண்ணுவோர், இரவுக்கு ஒன்றாகத் தங்க வேண்டிய மலைக்குடில்களில் படுக்கைகளைப் பல மாதங்களுக்கு முன்பே, பனிக்காலத்திலேயே கூட, பதிவுசெய்துகொள்கிறார்கள். குடில்களில் பல ஜூன் நடுவில்தான் திறக்கின்றன. அப்போதும் 2,537 மீட்டர் உயரமுள்ள கிராண்ட் கோல் ஃபெரே போன்ற கணவாய்களில், அதிலும் வெயில் குறைவாகப் படும் வடசரிவுகளில், பழம்பனி கிடக்கக்கூடும். அது விடியற்காலையில் கல்லாக இறுகி வழுக்கும், பிற்பகலில் இளகிக் காலை உள்வாங்கும், ஓடையின்மேல் பாலம்போல் நின்று மிதித்ததும் இடியும். அந்த ஆண்டின் ஜூனில் எவ்வளவு பனி மிஞ்சும் என்பதை ஜனவரியில் எவரும் அறியார். படுக்கைக்கோ தேதி குறிக்கப்பட்டுவிட்டது. ஓர் இரவு தவறினால் அடுத்து வரும் இரவுகள் அனைத்தும் சரியும் என்பதால், திரும்பிவிட வேண்டிய சரிவின் முன் நிற்பவரையும் அந்தச் சங்கிலி முன்னோக்கி இழுக்கிறது. திட்டம் தீட்டியவரையே ஆளத் தொடங்கும் இடம் அது.

மனத்தின் வசத்தில் உள்ளதையும் இல்லாததையும் பிரித்தறிவதையே வாழ்க்கைநெறியின் அடிப்படையாகக் கொண்ட ஸ்டோயிக் மெய்யியலார், இதற்கு ‘விலக்கோடு விரும்புதல்’ என்று சொல்லத்தக்க ஒரு பயிற்சியை வகுத்தார்கள். அறிவுடையவர் கடற்பயணத்தை முடிவு செய்யும்போதே, தடையொன்றும் நேராவிட்டால் என்ற விலக்கையும் உள்ளத்தில் சேர்த்துக்கொள்வார் என்று முதல் நூற்றாண்டில் செனெகா விளக்கினார்; ஆகவே கப்பல் புறப்படாமற்போனாலும் அவர் எண்ணியதற்கு மாறாக எதுவும் நடந்துவிடவில்லை. இது ஆழ்ந்த பயிற்சிதான். எனினும் அந்த விலக்கு முழுவதும் உள்ளத்துக்குள்ளேயே கிடக்கிறது. அது ஏமாற்றத்திலிருந்து காப்பது எண்ணியவரை மட்டுமே.

புதிய ஏற்பாட்டிலுள்ள யாக்கோபின் திருமுகம், அதன் நான்காம் அதிகாரத்தில், இன்ன ஊருக்குப் போய் ஓராண்டு தங்கி ஆதாயம் ஈட்டுவோம் என்று உறுதிபடப் பேசும் வணிகரைக் கண்டிக்கிறது. அது பழிப்பது அவர்களின் கணக்கை அன்று, நாளை தங்கள் கையில் இருப்பதுபோன்ற செருக்கையே. எனவே கணக்கைக் கைவிடச் சொல்லாமல், இறைவனின் விருப்பம் அதுவானால் என்று சேர்த்துச் சொல்லச் சொல்கிறது. தமிழ் முஸ்லிம்களின் நாவில் ‘இன்ஷா அல்லாஹ்’ என்று நாள்தோறும் ஒலிப்பதும் இந்த வகையைச் சேர்ந்ததே. நினைப்பதோடு நில்லாமல் வாய்திறந்து சொல்லவேண்டும் என்பதுதான் இங்கே கவனிக்கத்தக்கது, ஏனெனில் சொல் என்றால் கேட்பவர் ஒருவர் உண்டு.

மலைக்குடில்களின் வழக்கம் இதை நன்றாக விளக்குகிறது. வர இயலாதவர் அதைத் தெரிவித்தாக வேண்டும். தெரிவிக்காவிட்டால், நனைந்து வரும் வேறொருவருக்குக் கிடைக்கவேண்டிய படுக்கை வெறுமையாகக் கிடக்கும், குடில் காப்பாளர் இருட்டும்வரை பாதையைப் பார்த்திருப்பார், மீட்புப் படையினர் தேவையின்றித் தேடிச்செல்லவும் நேரும். தங்குபவர் தம் பெயரையும் அடுத்துச் செல்லும் இடத்தையும் எழுதிவைக்கும் குடில் பதிவேடும் இந்த நோக்கம் உடையது: எழுதிய இடத்துக்கு அவர் போய்ச் சேராதபோது தேடுவோர் முதலில் புரட்டுவது அதைத்தான். காப்பாளர் இல்லாத மாதங்களிலும் பல குடில்களில் ‘குளிர்கால அறை’ எனப்படும் ஒரு பகுதி, மெத்தையும் போர்வையும் வைத்துத் திறந்தே விடப்படுகிறது. தங்கியவர் கட்டணத்தைத் தாமாகவே உண்டியலில் இட்டுச் செல்கிறார். ஸ்டோயிக்கர் உள்ளத்தில் வைத்த விலக்கு, இங்கே அயலாருக்குத் தரும் வாக்காகவும், வரப்போகிறவர் யாரென்று அறியாமலே விரித்துவைத்த படுக்கையாகவும் மாறியிருக்கிறது.

இவ்வளவு முன்னேற்பாடு இறைநம்பிக்கையின் குறைவைக் காட்டாதா என்று கேட்பாரும் உண்டு. நாளையைக் குறித்துக் கவலைப்படவேண்டாம் என்ற நற்செய்திப் போதனையைக் காட்டி உழைக்க மறுத்த துறவியருக்கு எதிராக, 400-ஆம் ஆண்டளவில் ஆயர் அகுஸ்தீன் ஒரு தனி நூலே எழுதினார்; பறவைகளைப்போல வாழ்வதாகச் சொல்பவர்கள் உணவைச் சேமித்துவைப்பது ஏன் என்று அதில் அவர் கேட்டார். அந்த அகுஸ்தீனின் பெயரால் வழங்கும் ஒழுங்கைப் பின்பற்றும் துறவியரே, 1050 அளவில் ஆவோஸ்தாவின் பெர்னார்ட் கிரேட் செயின்ட் பெர்னார்ட் கணவாயில் நிறுவிய விருந்தோம்பல் இல்லத்தை இன்றும் நடத்துகிறார்கள். விறகும் உணவும் சேர்த்துவைத்து, வேளைதோறும் இறைபுகழ் ஓதி, பனிப்புயலில் வழிதவறியவர்களைத் தேட நாய்களோடு வெளியே போன அவர்களிடம் சேமிப்பும் செபமும் ஒன்றையொன்று மறுக்கவில்லை.

1923-இல் பெர்னார்டை மலையேறுவோரின் பாதுகாவலராக அறிவித்த திருத்தந்தை பதினொன்றாம் பத்திநாதர், 1889-இல் மோன்டே ரோசா மலையில் ஏறியவர். சிகரங்களை நன்கறிந்த அவர் அந்தப் பெருமைக்குத் தேர்ந்தது, கணவாயின் மேல் ஓர் இல்லத்தை எழுப்பி, வந்துசேராதவர்களுக்காகக் காத்திருந்த ஒருவரை.