ஈட்டியா, அம்பா?

கோட்டூர்புரத்தில் வாழும் நமக்குத் திருத்தூதர் தோமா தொலைவானவர் அல்லர். மேற்கே, அவர் மறைந்திருந்ததாகச் சொல்லப்படும் சின்னமலைக் குகை. அதற்கும் அப்பால், கி.பி. 72-இல் ஈட்டியால் குத்துண்டு இறந்ததாக மரபு கூறும் பரங்கிமலை. அடையாற்றைக் கடந்து வடகிழக்கே சென்றால், அவரது கல்லறை அமைந்த சாந்தோம். இவற்றின் நடுவே குடியிருந்தும், அவர் இறந்த விதம் பற்றி வேறொரு கதையும் உண்டென்பதை நம்மில் பலர் அறிவதில்லை.

மூன்றாம் நூற்றாண்டின் சீரிய நூலாகிய ‘தோமாவின் பணிகள்’, அரசன் ஆணைப்படி வீரர் நால்வர் அவரை மலைக்கு இட்டுச் சென்று ஈட்டியால் குத்தினர் என்கிறது. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்த மார்க்கோ போலோ எழுதி வைத்ததோ வேறு. தோமா காட்டில் செபித்துக்கொண்டிருந்தார், சுற்றிலும் மயில்கள், மயிலைக் குறிவைத்து ஒருவன் எய்த அம்பு தவறி அவர்மேல் பாய்ந்தது. மயிலையில் மயில் வராத கதை உண்டா!

இக்கதையே மெய்யென்று ஒரு கணம் கொள்வோம். தோமா மறைசாட்சியா? திருச்சபையின் நெடுநாளைய வழக்கின்படி அல்லர். கொல்பவன் விசுவாசத்தை வெறுத்துக் கொல்லவேண்டும். இவனுக்கோ மயிலின்மேல்தான் நாட்டம். அதே மனிதர், அதே செபம், அதே இரத்தம். எய்தவனின் உள்ளம் மாறினால் இறந்தவரின் பட்டமும் மாறுமா?

வழக்கில் நியாயம் இல்லாமலில்லை. சாகத் துணிந்தேன் என எவரும் சொல்லலாம். தோமாவே சொன்னவர்தாம்: இலாசரின் பொருட்டு இயேசு யூதேயாவுக்குத் திரும்பத் துணிந்தபோது, அவரோடு சாகவும் உடன் சீடரை அழைத்தவர் அவர். கெத்சமனியிலோ சீடர் எல்லாரும் ஓடினர், அவரும் விலக்கல்லர். ஆகவே சொல்லை மட்டும் நம்பாமல், கொலைஞனின் பகையையும் திருச்சபை சான்றாகக் கேட்கிறது. 2017-இல் திருத்தந்தை பிரான்சிஸ், பிறரன்பினால் உயிரைக் கையளித்தோர்க்கும் அருளாளர் நிலைக்கு வழி திறந்தார். ஆயினும் அதனை மறைசாட்சியத்தோடு சேர்க்காமல் தனிப்பாதையாகவே வைத்தார்.

பகைவனின் வெறுப்பு விசாரணைக்குரிய சான்று. சாட்சியம் அதுவன்று என்றே நாம் கருதுகிறோம். ‘மார்த்துஸ்’ எனும் கிரேக்கச் சொல்லுக்குச் சாட்சி என்பதே முதற்பொருள். சாவு பின்னர் வந்து ஒட்டியது. நம் முன்னோர் ‘வேதசாட்சி’ என்றதும் பொருத்தமே. ஓடிப்போனவர், காயத்தைத் தொட்டாலன்றி நம்பேன் என்றவர், மரபின்படி கி.பி. 52-இல் மலையாளக் கரையில் இறங்கினார். பின்னர் இன்னும் கிழக்கே, நம் ஆற்றங்கரைவரை வந்தார். அந்த இருபது ஆண்டுகளில் எந்த நாளிலும் அவர் கப்பலேறித் திரும்பியிருக்கலாம். ஈட்டி என்போரும் அம்பு என்போரும் ஒன்றில் மட்டும் உடன்படுகின்றனர்: இறக்குமுன் அவர் செபித்துக்கொண்டிருந்தார்.