நோயாளர் மூவகையினர்





அங்குத்தர நிகாயத்தில், மும்மூன்றாய் வகுக்கப்பட்ட போதனைகளிடையே, நோயாளரைப் பற்றிய போதனையொன்று உண்டு. தகுந்த உணவும் மருந்தும் பணிவிடையும் கிடைத்தாலும் கிடைக்காவிடினும் குணமடையாதவர் ஒருவர். அவை கிடைத்தாலும் கிடைக்காவிடினும் குணமடைந்துவிடுகிறவர் மற்றொருவர். கிடைத்தால் மட்டுமே பிழைக்கிறவர் மூன்றாமவர். இம்மூன்றாமவரை முன்னிட்டே மருந்தும் பணிவிடையும் விதிக்கப்பட்டன. அவரை முன்னிட்டே மற்ற இருவருக்கும் அவை அளிக்கப்பட வேண்டும் என்பது பகவன் வாக்கின் கருத்து.

தம்மம் கேட்போரின் இயல்பை விளக்கவே பகவன் இதனை உவமையாக எடுத்துரைத்தார். நாமும் பல ஆண்டுகள் அவ்வாறே பிரசங்கம் செய்து வந்தோம். இன்று உவமையை விடுத்து, நோயையும் மருந்தையும் பற்றியே பேச விரும்புகிறோம். 2021ஆம் ஆண்டில் நமக்கு நேர்ந்ததையும் நாம் செய்த பிழையையும் மறைக்காமல் சொல்வது நமது கடமையாகும்.

நாம் கல்லூரியில் பயின்றவரல்லோம். பெங்களூரில் ஒரு பஞ்சாலையில் நூற்புப் பகுதியில் வேலை செய்தோம்; இரவு ஷிப்டு முடிந்த பின் எழுத்துக் கூட்டித் தம்ம நூல்களைப் படித்தோம். ஆலை மூடப்பட்டது, அதன் பஞ்சுத்தூசி மட்டும் நம் நெஞ்சை விட்டுப் போகவில்லை. குளிர்காலம் வந்தால் இருமல், மாடி ஏறினால் மூச்சிரைப்பு. அதே பகுதியில் நமக்கு மூத்த தொழிலாளி ஒருவர் இருந்தார். அறுந்த இழையைப் பிணைக்க நமக்குக் கற்றுக்கொடுத்தவர் அவரே. அவரை அண்ணன் என்றே அழைத்து வந்தோம். பிற்காலத்தில் நம் பிரசங்கங்களைக் கேட்டு, தம் குடும்பத்தோடு திரிசரணம் ஏற்றார். அன்று முதல், தொழிலில் நமக்கு ஆசானாயிருந்தவர் தம்மத்தில் நம்மை ஆசானாக வைத்துக்கொண்டார்.

நம் தேசத்தில் கோவிட் தடுப்பூசி 2021 ஜனவரி 16ஆம் நாள் தொடங்கப்பட்டது. மார்ச் 1 முதல் அறுபது வயது கடந்தோருக்குக் கிடைத்தது. அம்மாதத்து ஞாயிறு ஒன்றில், வந்தனை முடிந்ததும் அண்ணன் நம்மிடம் வந்தார்.

“தம்பி, அறுபது கடந்தவர்களுக்கு ஊசி போடுகிறார்களாம். போட்டுக்கொள்ளலாமா? நீங்கள் சொன்னால் போகிறேன்” என்றார்.

“அவசரம் வேண்டாம் அண்ணே. கேள்விப்பட்டதை நம்பிவிடாதீர்கள் என்றுதானே பகவன் காலாமர்களுக்குச் சொன்னார்? சிறிது காலம் பார்ப்போம்” என்றோம்.

“சரி தம்பி” என்று போய்விட்டார்.

உண்மையைச் சொல்கிறோம், அன்பர்களே. அன்று நாம் ஆராய்ந்து பேசவில்லை, அஞ்சிப் பேசினோம். ஊசி போட்டால் ஆண்மை போகும், ஈராண்டில் உயிர் போகும் என்று கைப்பேசியில் வந்தவற்றையெல்லாம் கேட்டிருந்தோம். ஒன்றையேனும் ஒரு மருத்துவரிடம் கொண்டுபோய் விசாரித்தோமில்லை. ஏழைகளுக்கு இலவசமாய்க் கொடுப்பதில் ஏதேனும் சூது இருக்கும் என்னும் பழைய சந்தேகமும் நம்மிடம் இருந்தது. அச்சந்தேகம் காரணமின்றி வந்ததன்று. நம் மக்கள் பட்ட அனுபவத்தில் விளைந்தது. ஆயினும் சந்தேகம் விசாரணைக்குத் தொடக்கமேயன்றி முடிவன்று. நாமோ தொடக்கத்திலேயே நின்றுவிட்டோம்.

ஏப்ரல் 15ஆம் நாள் நடிகர் விவேக் சென்னையில் தடுப்பூசி போட்டுக்கொண்டார். 17ஆம் நாள் மாரடைப்பால் காலமானார். அவ்வாண்டு அக்டோபரில், ஆராய்ந்த மத்தியக் குழு, அம்மரணத்துக்கு ஊசி காரணமன்று எனத் தெரிவித்தது. ஆனால் அவர் மறைந்த மறுநாள், ஏப்ரல் 18 ஞாயிறன்று, நம் வந்தனைக் கூடத்தில் அதுவே பேச்சாயிருந்தது. “நல்ல வேளை, நாம் போடவில்லை” என்றார் ஒருவர். நாமும் தலையசைத்தோம். அன்று நமக்கு இருமல் இருந்தது. பழைய பஞ்சு இருமல் என்று எல்லோரிடமும் சொன்னோம். அண்ணன் நம் பக்கத்தில் அமர்ந்திருந்தார்.

அந்த வாரத்திலேயே நமக்குச் சுரம் கண்டது. மூன்று நாள் மறைத்தோம். நம் சங்கத்து இளைஞர் ஒருவர் விரலில் மாட்டும் கருவியைக் கொண்டுவந்து பார்த்தபோது ஆக்சிஜன் அளவு 90க்குக் கீழே இருந்தது. ஓரிரவு முழுதும் அலைந்து படுக்கை பெற்றுக் கொடுத்தவர்களும் அவ்விளைஞர்களே. மூக்கில் குழாயுடன் கிடந்த ஒன்பது நாட்களில், ஒவ்வொரு மூச்சும் கேட்டுப் பெற வேண்டிய கூலியாயிற்று. அதே நாட்களில் அண்ணனுக்கும் நோய் கண்டிருந்தது. அவருக்குப் படுக்கை கிடைக்கத் தாமதமாயிற்று. தேசத்தில் நாளொன்றுக்கு 4 லட்சம் பேருக்கு மேல் நோயுற்ற அந்த மே முதல் வாரத்தில் அவர் காலமானார். நாம் வீடு திரும்பிய பிறகே நமக்குத் தெரிவித்தார்கள்.

யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று இனி எவரும் சொல்ல முடியாது. மார்ச் மாதத்திலேயே ஊசி போட்டிருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்றும் நாம் உறுதி கூற முடியாது. நாம் அறிந்தது இவ்வளவே: வழி கேட்டு வந்தவருக்கு நாம் கதவை அடைத்தோம்.

நடமாடும் அளவுக்குத் தேறியதும் அண்ணியாரிடம் சென்று, அன்று நாம் சொன்னதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டோம். அவர் கோபிக்கவில்லை. “டாக்டரிடம் கேட்கலாம் என்று நான் சொன்னேன் தம்பி. தம்பி சொல்லிவிட்டார், அதற்குமேல் யாரைக் கேட்பது என்றார்” என்றார்.

அன்றிரவு காலாம சூத்திரத்தை மறுபடியும் எடுத்துப் படித்தோம். எவ்வெவற்றைக் கொண்டு ஒன்றை நம்பிவிடலாகாது என்று பகவன் பத்து எண்ணிச் சொல்கிறார். செவிவழிச் செய்தி, வழிவழி வந்த பழக்கம், நூலின் ஆதாரம், நம் கருத்தோடு ஒத்துப்போதல் என்று வரும் அப்பட்டியலில் பத்தாவது எது? இவர் நமது குரு என்பதற்காக நம்பிவிடலாகாது என்பதே. அண்ணன் நம்பியது நம்மை. நாமோ அச்சூத்திரத்தையே காட்டி, அது விலக்கியதையே அவரைச் செய்ய வைத்தோம்.

மேலும், பகவன் ஐயத்தோடு நிறுத்தவில்லை. எது நன்மை பயக்கும், எது தீமை பயக்கும், அறிவுடையோர் எதைப் புகழ்கின்றனர் என்று ஆராய்ந்து, நன்மையென அறிந்ததை மேற்கொண்டு ஒழுகுங்கள் என்பதே அவ்வுபதேசத்தின் முடிவு. ஊசியைச் சந்தேகித்த நாம், ஊசியைப் பற்றிய வதந்தியைச் சந்தேகித்தோமா? நம் அச்சத்தைச் சந்தேகித்தோமா?

இனி மூவகை நோயாளருக்கு வருவோம். ஊசி போடாமலே நோயைக் கடந்தவர் உண்டு. போட்டுக்கொண்டும் மாண்டவர் உண்டு. ஊரார் இவ்விருவரையும் காட்டியே வாதாடினர். மூன்றாமவரைப் பற்றி எவரும் பேசவில்லை. ஊசியினால் பிழைத்தவர், தாம் அதனால் பிழைத்தோம் என்று அறியார். ஊசியின்றி மாண்டவர் வந்து சாட்சி சொல்லார். நாம் எவ்வகையினர் என்பதை நோய் வருமுன் எந்த மருத்துவரும் சொல்ல முடியாது. ஆகவே அந்த மூன்றாமவரை முன்னிட்டு எல்லோருக்கும் மருந்து வேண்டியதாகிறது. ஒருகால் அவர் நாமாக இருக்கலாம். நம் பக்கத்தில் அமர்ந்திருப்பவராகவும் இருக்கலாம்.

தடுப்பூசி மந்திரக் கயிறு அன்று. போட்டவருக்கும் நோய் வந்தது. ஆயினும் நோய் முற்றுவதையும் மரணத்தையும் அது பெரிதும் குறைத்தது. கோவிஷீல்டு ஊசியால் மிக அரிதாகச் சிலருக்கு இரத்தம் உறையும் தீங்கு நேர்ந்ததும் உண்மையே. அதைச் சொல்ல அஞ்ச வேண்டியதில்லை. இரண்டு பக்கத்தையும் தட்டிலிட்டு நிறுத்துப் பார்ப்பதே விசாரணை. தம் உடல்நிலை காரணமாக மருத்துவர் வேண்டாமென்றால், அதுவும் ஆராய்ந்து செய்த முடிவே. அத்தகையோரைப் பழிப்பது தகாது. நாம் குணமடைந்து, அரசு விதித்தபடி மூன்று மாதம் பொறுத்து, ஆகஸ்டில் வரிசையில் நின்று போட்டுக்கொண்டோம். 84 நாள் கழித்து இரண்டாவதையும் போட்டுக்கொண்டோம். ஓரிரவு சுரமும் இரண்டு நாள் கைவலியும் தவிர வேறில்லை.

நோயெல்லாம் முன்வினை என்று சிலர் இன்றும் நம்மவரிடையே சொல்லக் கேட்கிறோம். சீவகன் என்னும் துறவி இதைப் பகவனிடம் கேட்டார். பித்தம், கபம், வாயு, இவற்றின் கூட்டு, பருவ மாற்றம், கவனக்குறைவான நடத்தை, பிறரால் நேரும் தாக்குதல், வினைப்பயன் என எட்டுக் காரணங்களைச் சொல்லி, எல்லாம் முன்வினையே என்போர் தவறுகின்றனர் என்றார் பகவன். அம்மை நோயை அம்மனின் கோபம் என்று நம் முன்னோர் அஞ்சினர். அம்மை குத்தும் முயற்சியால் 1975ஆம் ஆண்டோடு பெரியம்மை நம் நாட்டை விட்டு அகன்றது. கோபித்த தெய்வத்தை விட்டு வெளியேறிய நாம், வதந்தி என்னும் புதிய தெய்வத்துக்குப் பொங்கலிடலாமா?

உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5ஆம் நாள் கோவிட் அவசர நிலை முடிந்ததென அறிவித்தது. அவசரம் முடிந்தது, நோய் என்பது முடியவில்லை, முடிவதுமில்லை. ஆகையால் நாம் வேண்டுவன இவை.

எளிதில் பணிவிடை செய்யத்தக்க நோயாளிக்கு விநய நூல் ஐந்து குணங்களைக் கூறுகிறது: தனக்கு ஏற்றதைச் செய்தல், ஏற்றதிலும் அளவறிதல், மருந்துண்ணல், நோயின் நிலையைப் பணிவிடை செய்வோருக்கு உள்ளபடி உரைத்தல், வேதனையைப் பொறுத்தல். நான்காவது குணத்தில் நாம் தவறினோம், நீங்கள் தவறாதீர்கள். இருமல் இருந்தால் சொல்லுங்கள். அன்று வந்தனைக்கு வராமலிருப்பதும் வந்தனையே.

மருத்துவத்தைப் பற்றி எம்மைக் கேட்காதீர்கள், மருத்துவரைக் கேளுங்கள். போகத் துணையில்லையெனில், துணைக்கு நாம் வருகிறோம்.

ஊசி போட்டவராயினும் போடாதவராயினும், நோயுற்றோரைக் கைவிடாதீர்கள். வயிற்றுப்போக்கால் தன் கழிவிலேயே கிடந்த பிக்குவைப் பகவனும் ஆனந்தரும் தம் கைகளால் கழுவித் தூக்கிக் கட்டிலில் கிடத்தினர். உன் பிழையால் வந்ததா என்று அவர்கள் கேட்கவில்லை. எனக்குப் பணிவிடை செய்ய விரும்புவோர் நோயாளிக்குச் செய்யட்டும் என்பதே அங்கு பகவன் பிறப்பித்த ஆணை.

இப்பிரசங்கத்தால் விளையும் புண்ணியம் எதுவாயினும், அது நம் அண்ணனைச் சேர்வதாக. சகல ஜீவர்களும் நோயற்று வாழ்வார்களாக.

சாது! சாது! சாது!