குப்பியை உடைத்துப் பார்க்கச் சொல்லும் அறம்

வெள்ளவத்தையில் காலி வீதியோரப் பாமசி எதிலும் மாலை ஆறு மணிக்குச் சற்று நின்று பார்க்கலாம். ஒரு முதியவர் மருந்துத் துண்டை நீட்டுகிறார். ஒரு மாதத்துக்கு எழுதிய குளிசைகள். கையில் உள்ள காசு பத்து நாளுக்குத்தான் காணும். கடைப் பையன் அட்டையைக் கத்தரிக்கோலால் நறுக்குகிறான். காலாவதித் திகதியும் தொகுதி இலக்கமும் அச்சிட்ட ஓரம் கடையிலேயே தங்கிவிடுகிறது. உறையில் பேனாவால் 1–0–1 என்று எழுதிக் கொடுக்கிறான். முதியவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கலாம் என்று அவருக்கு யாரும் சொன்னதும் இல்லை.

சொல்ல வேண்டும். அதுவும் கொழும்பில் ஒரு மண்டபத்தைப் பிடித்துச் சொன்னால் போதாது, பருத்தித்துறை முதல் தெய்வேந்திரமுனை வரை ஊர் ஊராகப் போய்ச் சொல்ல வேண்டும். இது ஏன் கடமை, ஏன் வெறும் விருப்பம் என்று விட்டுவிட முடியாது என்பதற்கு 2023ஆம் ஆண்டு ஒன்றே போதும்.

அந்த ஆண்டு ஏப்ரலில் நுவரெலியாவில் கண்புரைச் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு ப்ரெட்னிசோலோன் சொட்டு மருந்து விடப்பட்டது. தெளிவாகப் பார்க்கலாம் என்று நம்பி வந்தவர்களில் சிலர் இருந்த பார்வையையும் இழந்தார்கள். சில மாதங்களில் இம்யூனோகுளோபுலின் விவகாரம் வெடித்தது. எதிர்ப்புச் சக்தி குன்றியவர்களின் உயிரைப் பிடித்து வைக்கும் ஊசி மருந்து அது. எந்த இந்தியக் கம்பனியின் பெயரில் அது வந்ததோ, அந்தக் கம்பனியே அதைத் தான் செய்யவில்லை என்றது. ஆவணங்களே போலி என்பது குற்றச்சாட்டு. 2024 பெப்ரவரி 2இல் முன்னாள் சுகாதார அமைச்சர் கெஹெலிய ரம்புக்வெல்லவைக் குற்றப் புலனாய்வுத் திணைக்களம் கைது செய்தது. குற்றவாளி யார் என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். ஆனால் அந்தக் குப்பி எந்த வாசல் வழியாக உள்ளே வந்தது என்பது தெரிந்த கதை. 2022இல் டொலர் தீர்ந்தது, மருந்தும் தீர்ந்தது. அவசரக் கொள்வனவு என்றும் பதிவு விலக்கு என்றும் கதவுகள் திறந்தன. 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையை வாசலில் நிறுத்தியிருந்தது. காவலாளி இருக்கும்போதே கதவு திறந்துகொண்டது.

இதையெல்லாம் மக்களிடம் கொண்டுபோகலாமா என்பதுதான் கேள்வி. கொண்டுபோகாமல் இருக்கலாமா என்று அதைத் திருப்பிக் கேட்பதே நேர்மை.

உண்மையை எடுத்துக்கொண்டு நடப்பது நமக்குப் புதிதல்ல. சிலப்பதிகாரத்துக் கண்ணகி நடந்தவள். புகாரிலிருந்து மதுரைக்கு நடந்தாள், மதுரையிலிருந்து சேர நாட்டு மலைக்கு நடந்தாள். இடையில் பாண்டியன் அவையில் அவள் செய்தது, இன்றைய சொல்லில், ஒரு தரப் பரிசோதனை. அவள் கணவன் அரசியின் சிலம்பைத் திருடினான் என்ற பொற்கொல்லன் பேச்சை விசாரிக்காமல் நம்பினான் அரசன். அவள் சிலம்பை உடைத்துக் காட்டினாள். அரசியின் சிலம்பென்றால் முத்து இருக்க வேண்டிய இடத்தில் மாணிக்கம் தெறித்தது. தவறு தன்னுடையது என்று கண்ட அந்தக் கணத்திலேயே அரசன் அரியணையில் சாய்ந்தான். இங்கே 2023 செப்டம்பரில், அப்போது சுகாதார அமைச்சராக இருந்த ரம்புக்வெல்ல மீதான நம்பிக்கையில்லாத் தீர்மானம் பாராளுமன்றத்துக்கு வந்தபோது ஆதரவாக 73 வாக்கு, எதிராக 113. இந்த நாட்டில் கண்ணகி வெறும் காப்பியப் பெண்ணும் அல்லள். மட்டக்களப்பில் அவள் அம்மன், சிங்களவருக்குப் பத்தினி தெய்யோ. அம்மை கண்டால் இரண்டு மொழியிலும் அவளுக்கே நேர்த்தி வைப்பார்கள். நோயாளிகளின் தெய்வம் உடைத்துக் காட்டியவள் என்பதை நாம் மறந்துவிட்டோம்.

நீதி கேட்பவர் இழுக்கட்டும் என்று எல்லாள மன்னன் தன் படுக்கையின் தலைமாட்டில் மணி கட்டி, கயிற்றை வெளியே தொங்கவிட்டான் என்று எழுதியது மகாவம்சம். பகைவனைப் பற்றி எழுதும்போதும் அதை மறைக்க அந்த நூலை எழுதிய பிக்குவுக்கு மனம் வரவில்லை. பசுவுக்குக்கூட எட்டிய கயிறு அது. இன்று ஓர் ஊசியால் கேடு வந்தால் இழுக்க வேண்டிய கயிறு எது என்று தேசிய வைத்தியசாலையின் வெளிநோயாளர் வரிசையில் நிற்கும் பத்துப் பேரிடம் கேட்டுப் பாருங்கள். வள்ளுவர் மருந்து அதிகாரத்தை முடிக்கும்போது வைத்தியத்தை நான்காகப் பிரிக்கிறார்: நோயாளி, வைத்தியர், மருந்து, அருகிலிருந்து கொடுப்பவர். நோயாளியை முதலில் வைத்தார். நம் வைத்தியசாலைகளில் அவர் நாலாவது ஆள். கிளினிக் கொப்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்பவர்.

இந்த நாட்டில் நல்ல காரியத்துக்கு நடக்க ஆள் இல்லாமலும் இல்லை. 2011 ஜூலையில் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை 27 நாட்களில் 670 கிலோமீற்றர் நடந்தார்கள், நேதன் சிவகணநாதனும் சரிந்த உனம்புவேயும் அவர்களோடு சேர்ந்தவர்களும். போர் முடிந்து இரண்டு ஆண்டுதான் ஆகியிருந்தது. அந்த நடையில் சேர்ந்த பணத்தில் தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்தது. 2016இல் எதிர்த்திசையில், கிரிக்கெட் வீரர் மஹேல ஜயவர்தனவும் சேர்ந்து, காலி கராப்பிட்டிய வைத்தியசாலைக்காக நடந்தார்கள். வணங்கத்தக்க நடை. ஆனாலும் ஒரு குறை சொல்லியே ஆக வேண்டும். கட்டடத்துக்காக நடந்தோம், கட்டிலுக்காக நடந்தோம். அந்தக் கட்டிலில் கிடப்பவரின் நரம்பில் ஏறும் குப்பிக்காக யாரும் செருப்புத் தேய நடக்கவில்லை. புதிய கட்டடத்தில் நின்று படம் எடுக்கலாம். சரியான மருந்து சரியான ஆளுக்குப் போன நாளில் படம் எடுக்க ஒன்றும் இருக்காது.

குப்பிக்காக அலைந்த ஒருவர் நமக்கும் இருந்தார், பேராசிரியர் சேனக பிபிலே. எந்த மருந்து தேவை, எது வெறும் வியாபாரம் என்று பிரித்துக் காட்டியவர். வியாபாரப் பெயரை விட்டு மருந்தின் சொந்தப் பெயரில் வாங்கச் சொன்னவர். 1971இல் அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனம் அவர் தலைமையில்தான் தொடங்கியது. பின்னர் அந்தக் கொள்கையை மற்ற வறிய நாடுகளுக்கும் எடுத்துப் போனார். 1977இல் கயானாவில், அந்த வேலையின் நடுவே இறந்தார். இன்று அந்தக் கூட்டுத்தாபனத்தின் மருந்துக்கடையான ஒசுசலவில் வரிசையில் நிற்கும் நம்மில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்?

மறுபக்கம் ஒரு பேச்சு உண்டு. இப்படி ஊர் ஊராகச் சொன்னால் ஏழைகள் பயந்து அரச வைத்தியசாலைக்கு வராமல் விடுவார்கள், மிஞ்சியிருக்கும் வைத்தியர்களும் மனம் வெறுத்து வெளிநாடு போவார்கள் என்கிறார்கள். குற்றமில்லாத நன்மை தருமானால் பொய்யும் மெய்யின் இடத்தில் நிற்கும் என்று வள்ளுவரே வாய்மை அதிகாரத்தில் சொல்லவில்லையா என்றும் கேட்கிறார்கள். பயம் வரும் என்பது உண்மைதான். ஆனால் வள்ளுவர் வைத்த நிபந்தனையை விழுங்கிவிட்டு அவரைச் சாட்சிக்குக் கூப்பிடக் கூடாது. கண் போனவரின் முன்னால் நின்று இந்த மௌனத்தைக் குற்றமில்லாத நன்மை என்று சொல்லத் துணிவு உள்ளவர் சொல்லட்டும். மக்களைப் பயமுறுத்தியது போலிக் குப்பி. அதைச் சொன்ன வாயின் மேல் பழியைப் போடுவது, தீ மூட்டியவனை விட்டுவிட்டு மணி அடித்தவனைப் பிடிப்பது. நோயாளர் பாதுகாப்புக்கென 2019 முதல் செப்டம்பர் 17ஐ உலக சுகாதார நிறுவனம் கொண்டாடச் சொல்கிறது. உலகில் ஏறத்தாழப் பத்து நோயாளருக்கு ஒருவர் சிகிச்சையாலேயே பாதிக்கப்படுகிறார் என்றும், அதில் பாதிக்கு மேல் தவிர்க்கக்கூடியது என்றும் அதே நிறுவனம் சொல்கிறது. இதைச் சொன்னதற்காக உலகம் வைத்தியசாலைக்குப் போவதை நிறுத்திவிடவில்லை.

நடப்பவருக்கும் ஒழுக்கம் வேண்டும். விசாரித்து உறுதி செய்யாமல் ஒரு வைத்தியரின் பெயரையோ தாதியின் பெயரையோ தெருவில் சொல்லக் கூடாது. வட்ஸ்அப்பில் வந்த வதந்தியைச் சுமந்து போகக் கூடாது. வைத்தியசாலையை விட்டு ஓடு என்று சொல்லக் கூடாது. உள்ளே போய்க் கேள் என்று சொல்ல வேண்டும். மருந்தின் பெயரைக் கேள், எதற்கென்று கேள், ஒவ்வாமை இருந்தால் ஊசி ஏறுமுன் வாய் திறந்து சொல், கேடு வந்தால் வெற்றுக் குப்பியை வீசாமல் வை. நாலு வரிதான். ஒரு பிள்ளைக்குக்கூடப் பாடமாகும்.

ஆண்டுதோறும் தொண்டைமானாறு செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை புறப்படுகிறது. முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு, பொத்துவில், உகந்தை என்று கிழக்குக் கரை முழுவதும் நடக்கிறார்கள். வழியெல்லாம் அன்னதானம், தங்குமிடத்தில் கேட்க ஆளும் உண்டு, நேரமும் உண்டு. அடுத்த முறை வேலோடு புறப்படும் அடியார்களில் பத்துப் பேர் அந்த நாலு வரியையும் தமிழிலும் சிங்களத்திலும் அச்சடித்துக் கொண்டுபோகட்டும். முருகன் கோபிக்க மாட்டான்.

அதுவரை, வெள்ளவத்தையில் இருப்பவர்கள் இன்று மாலையே ஒன்று செய்யலாம். பையன் கத்தரிக்கோலை எடுக்கும்போது, இலக்கமும் திகதியும் உள்ள பக்கத்தைத் தரச் சொல்லுங்கள். அது ஏற்கெனவே வெட்டுப்பட்டுப் போயிருந்தால் உறையில் எழுதித் தரச் சொல்லுங்கள். பக்கத்தில் நிற்கும் முதியவருக்கும் சேர்த்துக் கேளுங்கள்.