குற்றம் சொல்லும் உரிமை

தாம் எழுதியதை ஒருவர் நம் கையில் கொடுத்து, "படித்துவிட்டு அபிப்பிராயம் சொல்லுங்கள்" என்கிறார். நம்மில் பலருக்கு அப்போது ஏற்படுகிற சங்கடம் கொஞ்சநஞ்சமல்ல. உண்மையைச் சொன்னால் அவர் மனம் நோகும். சொல்லாவிட்டால் நம் மனம் உறுத்தும். எழுத்து விலைக்கு வந்ததானால் சங்கடம் இல்லை. காசு கொடுத்தவனுக்குக் குறை சொல்லும் உரிமை உண்டு. ஆனால் ஒருவன் காசுக்காக இல்லாமல், ஆசைக்காக, இரவில் விளக்கை வைத்துக்கொண்டு உருவாக்கியதைக் குறை சொல்ல நமக்கு உரிமை எங்கிருந்து வருகிறது?

கேள்வி பெரியது. அதை ஒரு சிறிய விஷயத்தை வைத்துப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். விளையாட்டு விஷயம்தான்.

1974ஆம் ஆண்டு அமெரிக்காவில் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்றோர் ஆட்டம் வெளிவந்தது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் செய்தது. ஒரு பெட்டிக்குள் மூன்று சிறு புத்தகங்கள்; முதலில் அச்சிட்டது ஆயிரம் பெட்டிகள்தாம். சொக்கட்டானைப் போலக் காய் நகர்த்தி ஜெயிக்கிற ஆட்டம் அல்ல இது. நாலைந்து பேர் ஒரு மேஜையைச் சுற்றி உட்காருகிறார்கள். ஒருவர் கதையை நடத்துகிறார்: இருண்ட குகை, உள்ளே ஏதோ மூச்சுவிடும் சத்தம். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம் ஏற்கிறார்கள். ஒருவர் வீரன், ஒருவர் மந்திரவாதி. தம் பாத்திரம் அந்த இடத்தில் என்ன செய்யும் என்று அவரவர் சொல்ல வேண்டும். செய்தது பலிக்குமா என்று சந்தேகம் வரும் இடத்தில் பகடை தீர்ப்புச் சொல்லும்.

அந்த மூன்று புத்தகங்கள் சொல்லாமல் விட்டவை ஏராளம். மிச்சத்தை ஆடுகிறவர்களே கற்பனை செய்து நிரப்பிக்கொள்ளலாம் என்று புத்தகமே இடம் கொடுத்தது. இடம் கொடுத்தால் விடுவார்களா? வீட்டுக்கு வீடு புது விதி, புதுப் பாத்திரம், புது உலகம் என்று எழுதித் தள்ளினார்கள். 1975இல் லாஸ் ஏஞ்சலீஸ் நகரத்தில் லீ கோல்ட் என்ற பெண்மணி 'அலாரம்ஸ் அண்ட் எக்ஸ்கர்ஷன்ஸ்' என்ற இதழைத் தொடங்கினார். எழுதுகிறவர்கள் அவரவர் பக்கங்களை அனுப்புவார்கள். எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து அந்த அம்மாள் தபாலில் அனுப்புவார். அடுத்த இதழில் ஒருவர் எழுதியதைப் பற்றி மற்றவர் அபிப்பிராயம் எழுதுவார். 2025 வரை இந்த இதழ் வந்தது. இன்று குறை சொல்கிறவருடைய சொந்தப் பக்கங்கள் நாளை மற்றவர் பார்வைக்கு வரும் என்பது இந்த ஏற்பாட்டில் எனக்குப் பிடித்த அம்சம். தன் தலையும் உரலுக்குள் இருக்கிறது என்று தெரிந்தவன் உலக்கையைக் கொஞ்சம் பார்த்துத்தானே போடுவான்!

இனி, நாமே ஓர் உதாரணம் கற்பனை செய்வோம். ஓர் இளைஞன் அப்படியோர் ஆட்டத்துக்குப் புதுப் பாத்திரம் ஒன்றைப் படைத்துப் பன்னிரண்டு பக்கம் எழுதுகிறான். அவள் ஒரு மருத்துவச்சி. யாருடைய காயத்தையும் தொட்டே ஆற்றுவாள். ஆனால் அந்தக் காயத்தில் பாதி அவள் உடம்புக்கு வந்துவிடும். இரண்டு பகடைகளை உருட்டிப் பதினொன்றோ பன்னிரண்டோ விழுந்தால் மட்டும் தப்புவாள். இதை அவன் மூன்று நண்பர்களிடம் கொடுக்கிறான்.

முதல் நண்பர் நாலு பக்கம் புரட்டிவிட்டு, "பிரமாதம்! அப்படியே அச்சுக்குக் கொடுக்கலாம்" என்கிறார்.

இரண்டாமவர் முழுவதும் படிக்கிறார். "இவள் எதற்காகப் பிறர் வலியை வாங்க வேண்டும்? அதை எடுத்துவிடு. கையில் ஒரு வாளைக் கொடு. அப்போதுதான் ஆடுகிறவனுக்கு உற்சாகம் வரும்" என்கிறார்.

மூன்றாமவர் நாலு பேரைக் கூட்டி ஒரு மாலைப் பொழுது ஆடிப் பார்க்கிறார். பிறகு எழுதுகிறார்: "இரண்டு பகடைகள் விழக்கூடிய வகை முப்பத்தாறு. அவற்றில் பதினொன்றும் பன்னிரண்டும் சேர்ந்து மூன்றே வகை. ஆகவே பன்னிரண்டு தடவைக்கு ஒரு தடவைதான் அவள் தப்புவாள். 'சில சமயம் தப்பலாம்' என்று நீ எழுதியிருப்பதற்கு இது பொருந்துகிறதா, பார். எங்கள் ஆட்டத்தில் மூன்றாவது காயத்தை ஆற்றியதும் அவள் விழுந்துவிட்டாள். அந்தப் பாத்திரத்தை ஏற்றவர் மிச்சம் ஒரு மணி நேரம் மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் அவள் விழுந்தபோது மேஜையில் ஒருவரும் பேசவில்லை. நீ விரும்பியது இதுதானா?"

இந்த மூவரில் யார் அன்புள்ளவர்? முதல்வர் என்றுதான் உலகம் சொல்லும். குற்றமற்ற நன்மையைத் தருமானால் பொய்யும் மெய்யின் இடத்தைப் பெறும் என்று வள்ளுவரே இடம் கொடுத்திருக்கிறாரே, ஓர் இளைஞனைச் சந்தோஷப்படுத்த நல்ல வார்த்தை ஒன்று சொன்னால் என்ன மோசம் என்று கேட்கலாம். ஆனால் வள்ளுவர் வைத்த நிபந்தனையை மறந்துவிடக் கூடாது. விளைகிற நன்மையில் குற்றம் இருக்கக் கூடாது. 'பிரமாதம்' என்ற சொல்லை நம்பி அந்த இளைஞன் தன் நண்பர்களைக் கூட்டி ஆடுவான். மூன்றாவது காயத்தில் ஆட்டம் படுத்துவிடும். தன் கணக்கில் பிழை என்று அவனுக்குத் தெரியாது. நண்பர்களுக்கு ரசனை இல்லை என்பான், அல்லது தனக்கே திறமை இல்லை என்று நோட்டை மூடி வைத்துவிடுவான். புகழ்ந்தவர் அப்போது அங்கே இருக்க மாட்டார். அவர் அவனைத் துன்பத்திலிருந்து காப்பாற்றவில்லை. தாம் பார்க்காத நேரத்துக்கு அதை ஒத்திப்போட்டார், அவ்வளவுதான்.

இரண்டாமவர் நேர்மையானவர். அதை மறுக்கவில்லை. ஆனால் அவர் பேசியது அவன் ஆட்டத்தைப் பற்றி அல்ல. தாம் எழுதியிருக்கக்கூடிய வேறோர் ஆட்டத்தைப் பற்றி. பிறர் வலியைத் தான் ஏற்பதுதான் அந்த மருத்துவச்சியின் உயிர். அதை எடுத்துவிட்டால் குறை தீரும் என்பது, தலைவலிக்குத் தலையை எடுக்கச் சொல்வது போல. நம்மில் படித்தவர்கள் அதிகமாகச் செய்கிற தவறு இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. நம் விருப்பத்தைச் சட்டமாக்கிக்கொண்டு, அதற்கு அடங்காததைக் குற்றம் என்கிறோம்.

குற்றம் என்று ஒன்று இல்லவே இல்லையா? இருக்கிறது. நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களை நன்னூலார் பெயர் சொல்லியே பட்டியலிட்டிருக்கிறார். குன்றக் கூறல், மாறுகொளக் கூறல், மயங்க வைத்தல் ஆகியவை அந்தப் பத்தில் அடங்கியவை. ஆட்டத்துக்கு விதி எழுதுகிறவர்களை மனத்தில் வைத்துத்தான் அவர் சொன்னாரோ என்று வியக்கும்படி இவை பொருந்துகின்றன. வேண்டியதைச் சொல்லாமல் விட்டால் ஆட்டம் நடுவில் நிற்கும். ஒரு பக்கத்து விதி மறு பக்கத்து விதியை மறுத்தால் சண்டை வரும். இரண்டு விதமாகப் பொருள்படும்படி எழுதினால் ஆளுக்கொரு நியாயம் பேசுவார்கள். இந்தப் பிழைகளையும் பகடைக் கணக்கையும் தயங்காமல் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். இவை யாருடைய ரசனையையும் பொறுத்தவை அல்ல. "எனக்கு வாள்தான் பிடிக்கும்" என்பது அந்தப் பட்டியலில் இல்லை. சொல்ல வேண்டுமானால் ஆசை என்றே பெயர் வைத்துச் சொல்ல வேண்டும்.

மூன்றாமவரிடம் வருவோம். அவருக்கு உரிமை எங்கிருந்து வந்தது? அறிவிலிருந்து அல்ல, அந்த மாலைப் பொழுதிலிருந்து வந்தது. எழுதியவன் பட்ட சிரமத்தில் ஒரு சிறு பங்கை அவரும் பட்டார். நடந்ததைச் சொன்னார். நல்லது நடந்த இடத்தையும் மறைக்கவில்லை. பரிகாரத்தை அவனிடமே விட்டுவிட்டார். அவன் பதினொன்றை ஒன்பதாகக் குறைக்கலாம். அப்போது முப்பத்தாறில் பத்து வகையில் அவள் தப்புவாள். காயத்தில் பாதி என்பதைக் கால் ஆக்கலாம். இல்லை, "அவள் அப்படி விழத்தான் வேண்டும், அடுத்த முறை அவளிடம் உதவி கேட்பதற்கு முன் மற்றவர்கள் யோசிக்கட்டும்" என்றும் சொல்லலாம். அப்படிச் சொன்னால் மூன்றாமவர் வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான். அதற்கும் மனம் இருந்தால்தான் குறை சொல்லப் புறப்பட வேண்டும்.

ஆடிப் பார்க்க எல்லோருக்கும் ஏது நேரம் என்பீர்கள். நியாயம்தான். நேரம் இல்லாதவர், "படித்தேன், ஆடிப் பார்க்கவில்லை" என்று முதலில் சொல்லிவிட்டுப் பேசலாமே. கேட்பவன் அதற்குத் தகுந்த எடையைப் போட்டுக்கொள்வான்.

இவ்வளவு சொன்ன பிறகும் ஒரு சங்கடம் தீரவில்லை. கணக்கு சரி, விதி தெளிவு, ஆனாலும் மொத்தத்தில் உயிர் இல்லை. அப்போது என்ன சொல்வது? பிழை என்று சுட்டிக் காட்ட ஒன்றும் இல்லை. "என் மனம் இதில் ஒட்டவில்லை, ஏழாம் பக்கத்தில் ஒரே ஓர் இடத்தில் ஒட்டியது" என்று சொல்லலாம். அது அவனுக்கு வலிக்கும். வலிக்காமல் சொல்ல வழி இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் ஏழாம் பக்கம் என்று சொல்ல வேண்டுமானால் பன்னிரண்டு பக்கமும் படித்திருக்க வேண்டும். அது அவனுக்கும் தெரியும்.